நெறியாளர் தந்த கட்டுரையை மாணவர் மதிப்பிடலாமா?

வாசகர் கேள்வி, ஜூன் 3, 2025

ஐயா, நான் வேதியியலில் நான்காம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வாளர். அமிலத்தில் மென்னெஃகு அரிக்கப்படுவதைத் தாவர இலைச்சாறுகள் எந்த அளவுக்குத் தடுக்கின்றன என்பதே என் ஆய்வு. சென்ற வாரம் என் நெறியாளர், ஓர் அயல்நாட்டு இதழிலிருந்து, வெளியிடத் தகுந்ததா என்று மதிப்பாய்வு செய்யத் தமக்கு வந்த கட்டுரையை எனக்கு அனுப்பி, "படித்துவிட்டு ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடு, நான் பார்த்து அனுப்பிவிடுகிறேன்" என்றார். அந்தக் கட்டுரை நொச்சி இலையைப் பற்றியது. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலும் நொச்சியைப் பற்றியதே. அது இன்னும் எங்கும் வெளியாகவில்லை. எங்கள் துறையில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். இதில் தவறு உண்டா?

ஜூன் 3, இரவு

மாணவர் மதிப்பாய்வு எழுதுவதில் தவறில்லை. எழுதியவர் யார் என்பதை இதழாசிரியரிடம் மறைத்தால்தான் தவறு. 1997இல் இலண்டனில் தொடங்கப்பட்டு, இன்று பெரிய பதிப்பகங்கள் பலவும் உறுப்பு வகிக்கும் 'கோப்' என்னும் பதிப்பு நெறிமுறைக் குழு, மதிப்பாய்வாளர்களுக்காக 2013இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டு 2017இல் அதைத் திருத்தியது. இதழின் முன்னனுமதி பெறாமல் வேறு எவரையும், தம்மிடம் பயிலும் இளம் ஆய்வாளரைக்கூட, மதிப்பாய்வில் சேர்த்துக்கொள்ளலாகாது என்று அது சொல்கிறது. ஆகவே "என் மாணவர் இன்னாரும் நானும் சேர்ந்து மதிப்பிடலாமா?" என்று உங்கள் நெறியாளர் இதழாசிரியருக்கு இரண்டு வரி எழுதினால் போதும். படிவத்திலேயே அதற்கென்று ஒரு கட்டம் வைத்திருக்கும் இதழ்களும் உண்டு. நானும் அப்படித்தான் என் நெறியாளரிடம் இந்த வேலையைக் கற்றேன். கவலைப்படாமல் எழுதுங்கள்.

ஜூன் 4, காலை

நேற்றைய பதிலைத் தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன். "என் மூன்றாம் இயலும்" என்று நீங்கள் எழுதியதை என் கண் தாண்டிப் போய்விட்டது. கடைசி வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், இப்போதைக்கு எழுதாதீர்கள்.

தாம் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரைக்கு மிக நெருக்கமான கட்டுரை மதிப்பாய்வுக்கு வந்தால் மறுத்துவிட வேண்டும் என்பதும் அதே வழிகாட்டியில் உள்ளதுதான். உங்கள் மூன்றாம் இயல் கட்டுரையாகும்போது உங்கள் நெறியாளரின் பெயரும் அதில் இருக்கும். ஆதலால் நலமுரண், அதாவது சொந்த நலனும் மதிப்பிடும் கடமையும் மோதும் நிலை, உங்களுக்கு மட்டும் உரியதன்று. அவருக்கும் உரியது, சொல்லப்போனால் முதலில் அவருக்கே உரியது. இதழ்கள் அழைப்புக் கடிதத்தில் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் அனுப்பி, ஏற்றுக்கொண்ட பிறகே முழுக் கட்டுரையைத் திறந்துவிடுகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே விலகிக்கொள்ள ஒரு வாசல் வேண்டும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. அந்த வாசலைக் கடந்து இருவரும் உள்ளே வந்துவிட்டீர்கள். இனி செய்யக்கூடியவை சில உள்ளன. அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவர் இதழாசிரியருக்கு உள்ளதை உள்ளபடி எழுதட்டும். கட்டுரைக் கோப்பை அழித்துவிடுங்கள். உங்கள் ஆய்வகக் குறிப்பேட்டில் மூன்றாம் இயலுக்கான அளவீடுகள் தேதியிட்டு இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். நாளை எவரேனும் கேள்வி எழுப்பினால் உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் குறிப்பேடு ஒன்றுதான்.

ஜூன் 5

"எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்பதற்கு நான் பதில் சொல்லவில்லை என்கிறீர்கள். உண்மைதான்.

நம் துறை சிறிய துறை. வேம்பு, துளசி, ஆடாதோடை, கறிவேப்பிலை என்று இலையை மாற்றி மாற்றி, அதே ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அதே மென்னெஃகுத் தகட்டை முக்கி, எடை இழப்பையும் மின்மறுப்பையும் அளந்து, தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தடுப்புத் திறன் என்று எழுதுகிறோம். தோட்டத்தில் மதிப்பாய்வுக்கு வராமல் எஞ்சியிருப்பது வாழை மட்டும்தான் என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். வாழைத்தோலுக்கு எப்போதோ கட்டுரை வந்துவிட்டது என்றார் அவர்.

இப்படிப்பட்ட துறையில் போட்டி உள்ளவர்கள் எல்லோரும் விலகிவிட்டால், கட்டுரையைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரும் மிஞ்சமாட்டார். அதனால் நலமுரண் அறவே இல்லாதவரை எந்த இதழாசிரியரும் தேடிக்கொண்டிருப்பதில்லை. இருப்பதைச் சொல்லிவிடு, நான் எடை போட்டுக்கொள்கிறேன் என்பதுதான் அவருடைய எதிர்பார்ப்பு. வேறொரு இலையைச் சோதிப்பவர் மதிப்பிடலாம். அதே இலையைச் சோதித்து, அதே ஆண்டில் வெளியிடக் காத்திருப்பவர் கூடாது. கோடு ஏறக்குறைய அங்கேதான் விழுகிறது என்று நினைக்கிறேன்.

ஜூன் 8

உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து ஒரு பழைய வழக்கு மனத்தை விட்டு அகலவில்லை. நம் துறைக்குத் தொடர்பில்லாதது என்றாலும் உங்கள் நிலைமைக்கு அவ்வளவு நெருக்கமானது என்பதால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில், ஜெஸ்ஸி ராத் என்பவருடைய ஆய்வகத்தில், ஹெலேனா வாக்ஸ்லிக்ட்-ராட்பர்ட் என்ற இளம் ஆய்வாளர் பணியாற்றிவந்தார். உணவை ஒதுக்கி உடல் மெலியும் அனொரெக்சியா நெர்வோசா நோயாளிகளின் இரத்த அணுக்களில் இன்சுலின் எப்படிப் பிணைகிறது என்பதை ஆராய்ந்து, 1978 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினுக்குக் கட்டுரை அனுப்பினார். மதிப்பாய்வாளர்களுள் ஒருவர் யேல் பல்கலைக்கழகத்தின் மூத்த பேராசிரியர் பிலிப் ஃபெலிக். அவர் அந்தக் கட்டுரையைத் தம்மோடு பணியாற்றிய விஜய் சோமன் என்பவரிடம் கொடுத்தார். இந்தியாவிலிருந்து சென்றிருந்த சோமன் அதே கேள்வியைத்தான் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தார். கட்டுரையை நிராகரிக்கலாம் என்ற பரிந்துரை ஃபெலிக் பெயரில் இதழுக்குப் போனது. கட்டுரையின் ஒளிநகல் சோமனிடம் தங்கிவிட்டது. அதிலிருந்து சில பகுதிகளை எடுத்து அவர் தம் கட்டுரையை எழுதினார். அது இருவர் பெயரிலும் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசினுக்குச் சென்றது.

அந்த இதழ் அதை மதிப்பாய்வுக்காக அனுப்பியது யாருக்குத் தெரியுமா? ஜெஸ்ஸி ராத்துக்கு. அவர் அதைத் தம் ஆய்வகத்தில் இதை அறிந்தவரான ராட்பர்டிடம் கொடுத்தார். தாம் எழுதிய வாக்கியங்களே இன்னொருவர் கட்டுரையில் இருப்பதை அவர் தம் கண்ணால் படித்தார்.

ராத்தும் ஃபெலிக்கும் நெடுநாள் நண்பர்கள். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று முயன்றார்கள். ராட்பர்ட் ஒப்பவில்லை. இதழுக்கும் யேலுக்கும் எழுதிக்கொண்டே இருந்தார், நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1980 பிப்ரவரியில்தான் பாஸ்டனிலிருந்து ஜெஃப்ரி ஃபிளயர் என்ற மருத்துவர் சென்று ஏடுகளைச் சரிபார்த்தார். எண்கள் ஏடுகளோடு பொருந்தவில்லை. தரவுகளைத் திருத்தியதைச் சோமன் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயர் பதவிக்குப் போன ஃபெலிக் அந்தப் பதவியை விட்டு விலக நேர்ந்தது. ராட்பர்டோ ஆய்வை விட்டுவிட்டு மருத்துவப் பணிக்கே போய்விட்டார். கட்டுரையைத் திருடக் கொடுத்தவரும் துறையை இழந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை.

இதில் ஃபெலிக் முதல் நாளில் செய்தது என்ன? தமக்கு வந்த கட்டுரையை, அதே பொருளில் ஆராயும் இளையவரிடம் கொடுத்தார். அவ்வளவுதான். உங்கள் நெறியாளர் செய்ததற்கும் அதற்கும் முதல் நாள் வரைக்கும் வேறுபாடு இல்லை. இரண்டாம் நாள் என்ன நடக்கிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

ஜூன் 9

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது என் கதைசொல்லலில் ஒரு கோணல் தெரிந்தது. ஃபெலிக் இளையவரிடம் கொடுத்ததைத் தவறு என்றேன். ராத் இளையவரிடம் கொடுத்ததை, ஏதோ நல்ல வாய்ப்புப்போலச் சொல்லிச் சென்றேன். இரண்டும் ஒரே செயல். மதிப்பாய்வுக்கு வந்த கட்டுரையை, அதே பொருளில் கட்டுரை அனுப்பிக் காத்திருக்கும் தம் மாணவ நிலை ஆய்வாளரிடம் ராத்தும் கொடுத்தார். திருட்டு நடந்ததும் அந்தப் பழக்கத்தால். திருட்டு வெளிப்பட்டதும் அதே பழக்கத்தால். விளைவு நன்றாக இருந்ததால் இரண்டாவதை மன்னித்துவிட்டேன். நெறியைப் பற்றி எழுதும்போது இப்படிச் செய்யலாகாது.

ஆயினும் ராத் விதிப்படி நடந்திருந்தால் அந்தத் திருட்டு எப்போதாவது வெளிவந்திருக்குமா என்ற கேள்வி என்னை விடவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜூன் 14

"நானும் அப்படித்தான் கற்றேன்" என்று முதல் நாள் எழுதியது சரியன்று. அதைத் திருத்தியாக வேண்டும்.

1996இல் நான் இரண்டாம் ஆண்டு ஆய்வாளர். அக்காலத்தில் கட்டுரைகள் விமான அஞ்சலில், தடித்த பழுப்பு உறையில் வரும். ஒருநாள் என் நெறியாளர் ஓர் உறையை மேசைமேல் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடு என்றார். இரவெல்லாம் விழித்து நான்கு பக்கம் எழுதினேன். அவர் இரண்டு சொற்களை மாற்றி, தட்டச்சுக்குக் கொடுத்து, தம் கையொப்பமிட்டு அனுப்பினார். "நன்றாக எழுதியிருக்கிறாய்" என்றார். ஒரு மாதம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். என் பெயர் எங்கும் இல்லையே என்று அப்போது தோன்றவே இல்லை. இதழாசிரியருக்கு நான் என்றொருவன் இருப்பதே தெரியாது.

பெயர் போனது சிறிய இழப்பு. 2019இல் இளம் ஆய்வாளர்களிடையே நடத்தப்பட்ட ஒரு கருத்தாய்வில் ஏறத்தாழப் பாதிப் பேர், தாங்கள் இப்படிப் பெயரில்லாமல் பிறருக்காக மதிப்பாய்வு எழுதியதாகச் சொன்னார்கள். அது நெறியன்று என்றும் அவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். ஆகவே எனக்கு நேர்ந்தது ஊரோடு ஒத்ததுதான். அந்த நான்கு பக்கத்தில் நான் கேட்டதுதான் பெரிய பிழை. அரிப்பின் வேகத்தைக் கணக்கிட உதவும் டாஃபெல் கோடுகளை எப்படிப் படிப்பது என்று எனக்கே அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். புரியாத இடத்தில் எல்லாம் "இந்த அளவீட்டை வேறு வெப்பநிலைகளிலும் திரும்பச் செய்க" என்று எழுதிவைத்தேன். முப்பது ஆண்டு அனுபவம் உள்ள ஒருவருடைய தீர்ப்பு என்று நம்பி இதழாசிரியர் அதை அனுப்பியிருப்பார். யாரோ ஒருவர் எங்கோ ஓர் ஆய்வகத்தில் மாதக்கணக்கில் அதைச் செய்திருப்பார். அவருக்குத் தெரியாது, தம்மை ஆட்டிவைத்தவன் இருபத்தைந்து வயதுப் பையன் என்று.

அந்த ஒளிநகல் எங்கள் ஆய்வக இரும்பு அலமாரியில் மூன்று ஆண்டுகள் கிடந்தது. கட்டுரையின் அறிமுகப் பகுதியை எப்படி எழுதுவது என்பதற்கு மாதிரியாக இளையவர்களுக்குக் காட்டினோம். அது நமக்கு உரியதன்று என்ற எண்ணம் ஒருவருக்கும் வரவில்லை.

ஜூன் 15

இன்னொரு வாசகர், மதிப்பாய்வாளன் நக்கீரனைப்போல இருக்க வேண்டும், நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே என்று எழுதியிருக்கிறார். தமிழ் பேசும் மதிப்பாய்வாளர் அனைவருக்கும் உள்ளுக்குள் இந்த நினைப்பு உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் கதையில் நக்கீரர் அவையில், எழுதியவர் முகத்துக்கு நேரே நின்று பேசினார். அதற்குரிய விலையையும் கொடுத்தார். நாமோ 'இரண்டாம் மதிப்பாய்வாளர்' என்ற முக்காட்டுக்குள் இருந்துகொண்டு பேசுகிறோம். எரிவது எப்போதும் எதிர்ப்பக்கம்தான்.

எனக்குப் பிடித்தவர் உருத்திரசன்மன். இறையனார் களவியலுக்குப் புலவர்கள் எழுதிய உரைகளில் எது சரி என்று தெரியாமல், ஐந்து வயதான, வாய் பேசாத ஒரு பிள்ளையை உட்காரவைத்து எல்லா உரைகளையும் படித்துக்காட்டியதாகக் கதை. நல்ல உரை வந்த இடத்தில் பிள்ளை கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தது. யாருடைய மாணவனும் அல்லன், போட்டிக் கட்டுரை எழுதவில்லை, தன் நூலை மேற்கோள் காட்டச் சொல்லவும் வாய் இல்லை. அங்கேயும் பரிசு நக்கீரருக்கே போனது என்பது வேறு.

ஜூன் 22

மேற்கோள் என்றதும் நினைவுக்கு வருகிறது. சென்ற ஆண்டு என் கட்டுரை ஒன்றுக்கு வந்த மதிப்பாய்வில், "பின்வரும் ஐந்து கட்டுரைகளையும் சேர்த்தால் இலக்கிய மீளாய்வு முழுமை பெறும்" என்று இருந்தது. ஐந்துக்கும் முதல் ஆசிரியர் ஒருவரே. பெயரை மறைத்துக்கொண்டு கைநாட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். நண்பர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

ஏதோ ஒரு உறுத்தலில் என் பழைய மதிப்பாய்வுகளைக் கணினியில் தேடி எடுத்தேன். 41 கிடைத்தன. அவற்றுள் 13இல் என் கட்டுரை ஒன்றையாவது சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன். உண்மையிலேயே தேவைப்பட்ட இடங்கள் என்று இன்று என்னால் நியாயப்படுத்த முடிவது நான்கு. மீதி ஒன்பது? ஐந்தாக இல்லாமல் ஒன்று ஒன்றாகக் கேட்டேன் என்பதைத் தவிர, நான் சிரித்த அந்த மனிதருக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை. சிலர் இதைத் தொழிலாகவே செய்து, இதழ்களால் மதிப்பாய்விலிருந்து தடைசெய்யப்பட்டதும் உண்டு.

இப்போதெல்லாம் என் கட்டுரை தேவை என்று தோன்றினால் அதைக் கட்டுரையாளர் பார்க்கும் பகுதியில் எழுதாமல், இதழாசிரியருக்கு மட்டும் உரிய பகுதியில், "இது என் கட்டுரை, தேவையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று எழுதுகிறேன். இதுவரை இரண்டு முறை அப்படி எழுதியிருக்கிறேன். இரண்டு முறையும் இதழாசிரியர் அதைக் கடத்தவில்லை.

ஜூன் 27

நீங்கள் தனியே எழுதிய ஒரு வரி என்னை நாணவைத்துவிட்டது. "நொச்சி என்பது உண்மையான இலை அன்று ஐயா, கேள்வி கேட்பதற்காகப் பெயரை மாற்றினேன், மறைவாக வைக்க வேண்டிய கட்டுரையைப் பற்றிப் பொதுவில் எப்படிச் சொல்வது" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வாரமாக மறைகாப்பைப் பற்றி முழம் முழமாக எழுதும் எனக்கு, உங்கள் கேள்வியிலேயே அது கசிந்திருக்கலாமே என்று ஒரு கணமும் தோன்றவில்லை. நானும் சேர்ந்து நொச்சி நொச்சி என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

கசிவு எங்கே போய் முடியும் என்பதற்கு 2007இல் நடந்தது ஒன்று போதும். அவான்டியா என்ற பெயரில் விற்ற ரோசிகிளிட்டசோன் என்னும் நீரிழிவு மருந்து மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று ஸ்டீவன் நிஸ்சன் எழுதிய கட்டுரை, வெளியாகும் முன்பே அம்மருந்தை விற்ற கிளாக்சோ ஸ்மித்கிளைன் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. அனுப்பியவர் ஸ்டீவன் ஹாஃப்னர் என்ற மதிப்பாய்வாளர். அந்த நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தவர். மறுப்புக்கு அணியமாக நிறுவனத்துக்கு நாட்கள் கிடைத்தன.

ஜூலை 1

நீங்கள் கேட்ட அடுத்த கேள்வி முதல் கேள்வியைவிடக் கடினமானது. அந்தக் கட்டுரையில் சாறு இறக்க வேறொரு கரைப்பானைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்; அதைப் படித்த பிறகு உங்கள் முறையில் ஒரு குறை இருப்பது தெரிந்துவிட்டது; இனி என்ன செய்வது?

கோப்பை அழிக்கலாம், தலைக்குள் போனதை அழிக்க முடியாது. மதிப்பாய்வில் கிடைத்த தகவலைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று விதிகள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. குறை உள்ளது என்று தெரிந்த ஓர் ஆய்வைத் தெரியாததுபோல நடித்துத் தொடர்வது உண்மைக்குச் செய்யும் உதவி ஆகுமா என்று அவை பேசுவதில்லை. தவறான சோதனையை நிறுத்துவது திருட்டு அன்று. அவர்கள் கரைப்பானை எடுத்துக்கொண்டு புதிய சோதனையைத் தொடங்குவதுதான் திருட்டு. நிறுத்துங்கள், அந்தக் கட்டுரை வெளிவரும் வரை தொடங்காதீர்கள், வெளிவந்த பிறகு அதை மேற்கோள் காட்டித் தொடங்குங்கள்.

ஜூலை 2

நேற்றுச் சொன்னது எழுதும்போது தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் உங்கள் உதவித்தொகை எத்தனை மாதத்துக்கு மீதி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நிலையான மாத வருமானம் உள்ளவன் 'காத்திருங்கள்' என்று சொல்வது எளிது. காத்திருக்க முடியாவிட்டால் இன்னொரு வழி உண்டு: கரைப்பான் பகுதியை விட்டுவிட்டு, உங்கள் முறையின் குறையை நீங்களே உங்கள் கட்டுரையில் வெளிப்படையாக எழுதிவிடலாம். குறையை அறிந்துகொண்டது ஆதாயம்தானே என்று எவரேனும் வாதிட்டால் என்னால் மறுக்க முடியாது. ஆனால் அந்த ஆதாயத்தால் எவருக்கும் நட்டம் இல்லை.

ஜூலை 8

செயற்கை நுண்ணறிவிடம் கட்டுரையைக் கொடுத்துக் குறிப்பு வாங்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இதில் எனக்கு அதிகத் தயக்கம் இல்லை. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 2023இலேயே, நல்கை விண்ணப்பங்களின் மதிப்பாய்வில் அதைத் தடைசெய்துவிட்டது. காரணம் எளிது: பிறர் நம்பிக் கொடுத்த கோப்பை எங்கே போய்ச் சேரும் என்று தெரியாத இடத்தில் ஏற்றுகிறோம். ஃபெலிக் கட்டுரையைக் கொடுத்தது பெயரும் முகவரியும் தெரிந்த ஒருவரிடம்.

சென்ற வாரச் செய்தியையும் பார்த்திருப்பீர்கள். எட்டு நாடுகளின் 14 நிறுவனங்களிலிருந்து வந்த 17 முன்பதிப்புக் கட்டுரைகளில் (மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் இடப்படுபவை), மனிதக் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில், 'நல்லவிதமாக மட்டும் மதிப்பிடு' என்ற பொருளில் இயந்திரத்துக்குக் கட்டளை எழுதிவைத்திருந்ததை ஜப்பானின் நிக்கேய் நாளேடு கண்டுபிடித்தது. சோம்பேறி மதிப்பாய்வாளர்களைப் பிடிக்க வைத்த கண்ணி என்று சிலர் சொல்லிக்கொண்டார்கள். கண்ணி என்றால் 'மதிப்பாய்வில் யானை என்ற சொல்லைப் பயன்படுத்து' என்று எழுதியிருக்கலாமே.

மனிதர் மட்டும் என்ன கிழித்துவிட்டோம் என்ற கேள்வியும் வந்தது. ஞாயம்தான். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலைச் சேர்ந்தவர்கள், ஒவ்வொரு கட்டுரையிலும் ஒன்பது பெரிய பிழைகளை வேண்டுமென்றே நுழைத்து மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, அவர்கள் சராசரியாகக் கண்டுபிடித்தவை மூன்றைச் சுற்றியே இருந்தன. பயிற்சி கொடுத்துப் பார்த்தும் பெரிதாகக் கூடவில்லை.

ஜூலை 19

ஜூன் 4 அன்று உங்களுக்கு நலமுரண் பற்றி அவ்வளவு உறுதியாக அறிவுரை சொன்னேன். அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் விட்டேன். ஒரு மாதமாக இந்தக் குறிப்பைத் தொடங்குவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

2008இல் எனக்கு ஒரு கட்டுரை வந்தது. என் மாணவர் ஒருவர் அப்போது முடிக்கும் தறுவாயில் இருந்த வேலையை அப்படியே ஒத்தது. எங்கள் எண்களைவிட அவர்களுடைய எண்கள் தெளிவாக இருந்தன. சுருக்கத்தைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் ஏற்றுக்கொண்டேன். என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது, வேறு காரணம் இல்லை. மூன்று வாரக் கெடு. நான் எடுத்துக்கொண்டது 11 வாரம். நினைவூட்டல் கடிதம் வரும்போதெல்லாம் தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தம் என்று எழுதினேன். அவை பொய்யும் அல்ல. கடைசியில் 'பெரிய திருத்தங்கள் தேவை' என்று எழுதி, மேற்பரப்பு ஆய்வு ஒன்றைக் கூடுதலாகக் கேட்டேன். அதற்குரிய கருவி அவர்கள் ஊரில் இருக்காது என்று எனக்குத் தெரியும். இதற்கிடையில் என் மாணவரின் கட்டுரை வேறோர் இதழுக்குப் போய், முதலில் வெளிவந்தது.

ஒரு வாக்கியத்தைக்கூட நான் எடுக்கவில்லை. ஓர் எண்ணையும் மாற்றவில்லை. மதிப்பாய்வுக்கு வந்த கட்டுரையை நிராகரிக்கச் செய்துவிட்டு அதையே தம் பெயரில் வெளியிட்ட ஒருவரைப் பற்றி, கட்டுரையைப் பறிகொடுத்த அமெரிக்க மருத்துவர் மைக்கேல் டான்சிங்கர் 2016இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிப்படையான கடிதம் எழுதினார். அதைப் படித்தபோது, நல்லவேளை நாம் இப்படியெல்லாம் இல்லை என்று நினைத்துக்கொண்டவன் நான். திருடனுக்குச் சான்று இருக்கிறது. இரண்டு கட்டுரைகளை அருகருகே வைத்தால் தெரிந்துவிடும். தாமதத்துக்கு என்ன சான்று இருக்கிறது? 11 வாரம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே வேலைப் பளுவில் இருப்பவர்கள். அந்தக் கூட்டத்துக்குள் நான் ஒளிந்துகொண்டேன்.

என் மாணவருக்கு இது தெரியாது. அவரும் இப்போது ஒரு கல்லூரியில் நெறியாளர்.

ஜூலை 21

"அப்படியானால் நல்ல மதிப்பாய்வு எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த நல்ல சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1911இல் இந்தியக் கணிதக் கழக இதழுக்கு, பெர்னூலி எண்களைப் பற்றி இராமானுசன் கட்டுரை அனுப்பினார். இதழாசிரியர் பெங்களூரில் கணிதப் பேராசிரியராக இருந்த எம். டி. நாராயண ஐயங்கார். இராமானுசனின் வழிமுறைகள் மிகச் சுருக்கமாகவும் புதுமையாகவும், எழுத்து தெளிவில்லாமலும் இருந்ததால் சாதாரண வாசகரால் தொடர முடியாது என்பதைக் கண்டு, கட்டுரையைப் பலமுறை திருப்பி அனுப்பித் திருத்தி வாங்கி வெளியிட்டார். எழுதியவர் பட்டம் பெறாத, வேலையில்லாத இளைஞர். 'ஆங்கிலம் சரியில்லை, தாய்மொழியாளர் ஒருவரிடம் காட்டுக' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். நானே அந்த வரியைச் சிலமுறை எழுதியிருக்கிறேன்.

அவர் தம் பெயரில் பணியாற்றிய இதழாசிரியர், மறைந்திருந்த மதிப்பாய்வாளர் அல்லர் என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். ஆனால் எழுத்து வடிவில் மதிப்பாய்வு தொடங்கிய காலத்திலேயே இந்த இரண்டு மனப்பான்மையும் இருந்தன. இலண்டன் ராயல் கழகத்தில் 1832இல் ஜார்ஜ் ஏரி என்பவருடைய வானியல் கட்டுரையை மதிப்பிட்ட இருவருள் வில்லியம் ஹியூவெல் அதன் சிறப்பை உலகுக்கு எடுத்துச் சொல்ல விரும்பினார். ஜான் லபக் கணக்கில் உள்ள குறைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கே ஒத்துப்போகவில்லை.

ஆகஸ்ட் 3

உங்கள் நெறியாளர் கடைசியில் இதழாசிரியருக்கு எழுதிவிட்டார் என்ற செய்தி மகிழ்ச்சி தருகிறது. முதலில் சினந்தார், இரண்டு வாரம் பேசவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் ஜூன் 4 அன்று "எடுத்துச் சொல்லுங்கள்" என்று எழுதியபோது, ஆய்வேட்டில் கையொப்பமிட வேண்டியவரிடம் ஒரு மாணவர் அதைச் சொல்வது என்ன பாடு என்று எண்ணிப் பார்க்கவில்லை. 1996இல் என் நெறியாளரிடம் நான் சொல்லியிருப்பேனா? மாட்டேன். இதழாசிரியர் மூன்றே வரியில் நன்றி சொல்லி, மதிப்பாய்வை ரத்துசெய்து, வேறொருவரைத் தேடிக்கொள்கிறேன் என்று எழுதினார் என்பதைப் படித்தபோது, அந்த மூன்று வரிக்காகவா இவ்வளவு அச்சம் என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

நேற்று மாலை எனக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. இலைச்சாறு, மென்னெஃகு, ஹைட்ரோகுளோரிக் அமிலம். நீங்கள் சொன்ன கட்டுரைதானா என்று எனக்குத் தெரியாது. உண்மையான இலையை நீங்கள் சொல்லவில்லை என்பதால் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. முழுக் கட்டுரையைத் திறப்பதற்கு முன் இதழாசிரியருக்கு எழுதினேன்: இத்துறையில் ஒரு மாணவருக்கு இரண்டு மாதமாக அறிவுரை சொல்லிவருகிறேன், அவருடைய வேலை இதற்கு நெருக்கமானதாக இருக்கக்கூடும், பொருட்படுத்தாவிட்டால் மதிப்பிடுகிறேன் என்று. இன்று காலை, மதிப்பிடுங்கள் என்று பதில் வந்தது. கெடு ஆகஸ்ட் 17. நாட்காட்டியில் ஆகஸ்ட் 10ஐ வட்டமிட்டு வைத்திருக்கிறேன். எந்த இலை என்று மட்டும் கேட்காதீர்கள்.